அடுப்படியில் ஆயிரம் வருடம்: கியோட்டோ இச்சிவா கடையின் அபுரி மோச்சி

என் அப்பா நாற்பது வருடம் அல்வா கிண்டியவர். திருநெல்வேலியில் கோயிலை ஒட்டிய தெருவில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் கடை. காலையில் காராச்சேவும் மிக்சரும் போடுவார், மத்தியானத்துக்கு மேல் அல்வாச் சட்டி அடுப்பில் ஏறும். தோள்பட்டை வலி வந்து துடுப்பைப் பிடிக்க முடியாமல் போனதும் கடையை மூடிவிட்டார். போன நவம்பரில் மூன்று வாரம் ஒசாகாவில் என் வீட்டில் வந்து இருந்தார். தங்கக் கோயில் காட்டினேன், அராஷியாமா மூங்கில் தோப்பு காட்டினேன். எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கு தாயி" என்று ஒரே பதில். ஒரு ஊர் அவருக்குப் புரியவேண்டுமென்றால் அந்த ஊர் அடுப்புப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்கவேண்டும். அது எனக்குத் தெரியும். அதனால்தான் இச்சிவாவுக்குக் கூட்டிப்போனேன்.

கியோட்டோவின் வடக்கே முராசாகினோ என்ற பகுதியில் இமாமியா என்றொரு ஷிண்டோ கோயில் இருக்கிறது. அதன் கிழக்கு வாசலுக்கு வெளியே இருக்கிற கடை இது. முழுப்பெயர் இச்சிமொன்ஜியா வாசுகே, ஊர்க்காரர்களுக்கு இச்சிவா. கி.பி. 1000இல் தொடங்கியதாக அவர்கள் கணக்கு. தஞ்சைப் பெரிய கோயில் கட்டி முடிந்தது 1010இல். ராஜராஜன் அந்தக் கோயிலை எழுப்பிக்கொண்டிருந்த நாளிலேயே இங்கே ஒரு குடும்பம் கரி மூட்டி மோச்சி சுட்டு, கோயிலுக்கு வந்தவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இப்போது நடத்துகிறவர்கள் 25வது தலைமுறை. விற்பது அன்றும் இன்றும் ஒரே பலகாரம்: அபுரி மோச்சி. அபுரி என்றால் அனலில் வாட்டியது, மோச்சி என்றால் பசையரிசியை அவித்து இடித்தெடுத்த கட்டி.

ஜப்பான் இனிப்பு என்றாலே நான் விலகிப் போன காலம் உண்டு. இங்கே வந்த முதல் வருடம், சுற்றுலாப் பயணிகள் நெரியும் ஒரு தெருவில் பச்சை நிறப் பெட்டி ஒன்று வாங்கினேன். உள்ளே பிளாஸ்டிக் உறையில் எட்டு உருண்டை. வாயில் போட்டால் சர்க்கரையும் ரப்பரும். நமக்கு ஒத்துவராது என்று அன்றைக்கே முடிவுகட்டி, நாலு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. பெட்டியில் அடைத்து மாதக்கணக்கில் அலமாரியில் இருக்கிற பண்டத்தைத் தின்றுவிட்டு ஒரு தேசத்தின் இனிப்பையே எடைபோட்டிருக்கிறேன். நம் ஊர் ரயில் நிலையத்தில் தள்ளுவண்டிக்காரர் விற்கிற பாக்கெட்டைத் தின்றுவிட்டு, நெல்லை அல்வா இவ்வளவுதான் என்று ஒருவர் சொன்னால் நான் சும்மா விடுவேனா?

அன்று செவ்வாய்க்கிழமை. கியோட்டோ நிலையத்திலிருந்து சுரங்க ரயிலில் கிதாஓஜி வரை போய், அங்கிருந்து மெதுவாக நடந்தோம். வழியில் தைதோகுஜி என்ற பெரிய புத்த மடத்தின் வளாகத்துக்குள் புகுந்து போகலாம். இனிப்பைப் பற்றி எழுதும்போது இந்த மடத்தைத் தாண்டிப் போக முடியாது. தேநீர்ச் சடங்கை இன்றிருக்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்த சென் நோ ரிக்யூவுக்கு இந்த மடத்தோடு நெருங்கிய உறவு. இங்கே வாசல் மாடத்தில் அவருடைய மரச்சிலையை வைத்தார்கள். அந்த வாசலுக்குக் கீழே ஆட்சியாளர் ஹிதேயோஷியே நடந்துபோக வேண்டும் என்பதால் அது பெரிய குற்றமாகிப் போனது. 1591இல் ஹிதேயோஷியின் கட்டளைப்படி ரிக்யூ உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு இந்தச் சிலையையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

அவர் வழி வந்த தேநீர் அறைகளுக்காகத்தான் கியோட்டோவில் ஒரு வகை இனிப்பு வளர்ந்தது. வெள்ளை அவரை விழுதைப் பட்டுப்போல அரைத்துச் சாயமேற்றி, நவம்பரில் சிவந்த மேப்பிள் இலையாகவும் வசந்தத்தில் செர்ரிப் பூவாகவும் கையால் உருவாக்குவது. ஒவ்வொன்றுக்கும் பழைய கவிதையிலிருந்து எடுத்த பெயர் இருக்கும். முந்தின நாள் அப்பாவுக்கு அதில் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். "சிற்பம் மாதிரி இருக்கு, திங்க மனசு வரல" என்று பாதி தின்றார்.

கியோட்டோக்காரர்கள் இனிப்புக் கடைகளைப் பிரித்தே பேசுவார்கள். சடங்குக்கு, விருந்தாளிக்கு என்றால் ஒகாஷியா-சான். வீட்டுக்கு, சாயங்காலத் தேநீருக்கு என்றால் ஒமான்யா-சான். மோச்சிக்கென்று ஒமோச்சியா-சான். இது போகக் கோயில் வாசல் பண்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. ஷிமோகாமோ கோயிலுக்கு மிதாராஷி டாங்கோ, காமிகாமோ கோயிலுக்குச் சுட்ட மோச்சி, கிதானோ கோயிலுக்குத் தினை மோச்சி என்று கோயிலுக்கொரு பண்டம். பழனி என்றால் பஞ்சாமிர்தம் என்கிறோமே, அதுபோல. இமாமியாவுக்கு அபுரி மோச்சி. எனக்குப் பிடித்தது இந்த வகைதான். இதற்கு அழகான பெயர் கிடையாது, உருவம் கிடையாது, பளபளப்பான பெட்டி கிடையாது. சூடு மட்டும்தான் உண்டு.

தெருவுக்குள் திரும்பியதுமே புகை வாசம் வந்துவிட்டது. அப்பா நடையை நிறுத்தி மூக்கை உயர்த்தினார். "கரி அடுப்பு" என்றார். பிறகு, "மாவு வேற கருகுது. கருக விடுதாவளா, தெரியாமக் கருகுதா?" இன்னும் கடை கண்ணுக்கே தெரியவில்லை.

கல் பாவிய சின்னத் தெரு, கடைசியில் கோயில் வாசல். தெருவின் இரண்டு பக்கமும் எதிரெதிராக இரண்டு கடைகள். இரண்டிலும் அபுரி மோச்சிதான். ஒரு பக்கம் இச்சிவா, எதிரே கசாரியா. கசாரியாவுக்கும் சுமார் 400 வயது. நடுவில் நடந்து போனால் இரண்டு பக்கத்திலிருந்தும் பெண்கள் கியோட்டோப் பேச்சில் "ஒய்தெயாசு" என்று கூப்பிடுகிறார்கள். வாருங்கள் என்பதற்கு டோக்கியோவில் சொல்கிற வார்த்தை வேறு. இந்த வார்த்தையில் இழுவையும் குழைவும் இருக்கிறது. எங்கள் தெருவில் கடைக்காரர்கள் "வாங்க வாங்க, உள்ள வாங்க" என்பார்களே, அந்தக் குரல். அப்பாவுக்கு பாஷை தெரியாது, ஆனால் தலையாட்டிச் சிரித்து இரண்டு பக்கமும் கும்பிடு போட்டார்.

இச்சிவாவின் கட்டடம் பழைய மரவீடு. தெருப் பக்கம் முழுக்கத் திறந்திருக்கிறது. கூரைக்குக் கீழே பெஞ்சு, உள்ளே பாய் விரித்த அறைகள். பாயில் உட்கார்ந்தால் தோட்டத்தைப் பார்க்கலாம், பெஞ்சில் உட்கார்ந்தால் தெருவையும் அடுப்பையும் பார்க்கலாம். முழங்கால் வலிக்காரர்கள் தயங்காமல் பெஞ்சுக்குப் போங்கள். அங்கேதான் நல்ல இடமும் இருக்கிறது. என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, எத்தனை பேர் என்றுதான் கேட்கிறார்கள். ஒரே பண்டம் இருக்கிற கடையில் வேறென்ன கேட்க? நாங்கள் போனபோது ஒரு தட்டு 600 யென், நம் பணத்துக்கு 330 ரூபாய் பக்கம். தட்டுக்கு 11 குச்சி, கூடவே தேநீர்.

நான் உட்கார்ந்தேன். அப்பா உட்காரவில்லை. அடுப்புக்கு இரண்டு முழம் தள்ளிக் கைகட்டி நின்றுவிட்டார்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தக் கடையில் பார்க்க வேண்டியது இதுதான். ஒரு பெண், அறுபது வயது இருக்கும், தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். பக்கத்தில் வறுத்த சோயா மாவு கொட்டிய தட்டு. அந்த மாவுக்கு கினாகோ என்று பேர். மோச்சிக் கட்டியிலிருந்து கட்டைவிரல் நுனி அளவு பிய்த்து மாவில் உருட்டி, பிளந்த மூங்கில் குச்சியின் முனையில் குத்துகிறார்கள். குச்சி ஒரு சாண் நீளம் இருக்கும், மெல்லியது. மோச்சி அதன் நுனியில் மட்டும்தான், மொட்டு மாதிரி. அந்தப் பெண் ஒரு கைப்பிடிக் குச்சிகளை விசிறிபோல விரித்துக் கரிக்கு மேல் நீட்டினார். தணலுக்கும் மோச்சிக்கும் இடையில் மிகக் கொஞ்ச இடம். சில நொடிக்கொரு தரம் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றுகிறார், மொத்தக் குச்சியும் ஒன்றாகத் திரும்புகிறது. மோச்சி முதலில் வியர்க்கிறது, பிறகு உப்புகிறது. மாவு பழுப்பாகி, ஓரத்தில் ஓரிடம் கறுத்துக் குமிழ்விடுகிறது. அந்தக் குமிழ் வந்ததும் எடுத்துவிடுகிறார். இன்னொரு கையில் விசிறி. தணல் மங்கும் இடத்தைப் பார்த்து இரண்டு வீசு, அவ்வளவுதான். கரியைக் குத்திக் கிளறவே இல்லை.

அப்பா திரும்பி என்னைக் கூப்பிட்டார். "ஏ தாயி, இங்க வா. அந்தம்மா மோச்சியப் பாக்கவே இல்ல, பாத்தியா? கரியத்தான் பாக்காவ. கை தானாத் திரும்புது." சற்றுப் பொறுத்து, "எங்கப்பா இப்படித்தான். சட்டியப் பாக்க மாட்டாரு, துடுப்பு போற சத்தத்தக் கேப்பாரு. அல்வா நெய்யக் கக்குத நேரம் சத்தம் மாறும். அத வச்சி இறக்குவாரு" என்றார். தாத்தாவைப் பற்றி அப்பா இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அந்த அம்மாள் இவர் நிற்பதைக் கவனித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, தேர்ந்த கையால் ஒரு கட்டைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்துக் காட்டினார். நான் முன்னால் போய், இவர் என் அப்பா, இந்தியாவில் கோயில் பக்கத்தில் இனிப்புக் கடை வைத்திருந்தார் என்று ஜப்பானிய மொழியில் சொன்னேன். அவர் விசிறியைக் கீழே வைத்து, முறையாகக் குனிந்து வணங்கினார். அப்பாவும் குனிந்தார். அதற்குப் பிறகுதான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

தட்டு வந்தது. குச்சிகளெல்லாம் ஒரே பக்கமாக அடுக்கி, மோச்சி இருக்கும் முனைகளின்மேல் வெளிர் மஞ்சள் குழம்பு தாராளமாக ஊற்றியிருந்தது. அது வெள்ளை மிசோ. மிசோ என்றால் சூப்பில் போடுகிற உப்புக் கரிக்கும் பழுப்பு விழுது என்றுதான் பலரும் நினைப்பார்கள். கியோட்டோவின் வெள்ளை மிசோ வேறு பண்டம். சோயாவைவிட அரிசிக் கோஜி அதிகம், உப்பு குறைவு, ஊறவைக்கும் நாளும் குறைவு. கோஜி என்பது ஒருவகைப் பூஞ்சையை அரிசியில் வளர்த்து எடுப்பது. அது அரிசியின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும், அதனால் மிசோவே இனிக்கும். ஜப்பானில் சர்க்கரை வெகுகாலம் மருந்துப் பெட்டியில் இருந்த பொருள். 756இல் நாரா அரச குடும்பம் தோதாய்ஜி கோயிலுக்குக் காணிக்கை கொடுத்த மருந்துப் பட்டியலில் கரும்புச் சர்க்கரையும் உண்டு. அப்படிப்பட்ட நாட்டில் அரிசியை ஊறவைத்தே இனிப்பு எடுக்கத் தெரிந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

முதல் குச்சி. பல்லால் உருவி எடுக்க வேண்டும். மேல் தோல் லேசாக முறுகல், கருகின இடத்தில் ஒரு துளிக் கசப்பு, உடனே மிசோவின் இனிப்பு, அதன் பின்னாலேயே உப்பு. கினாகோ வாசம் வறுத்த பொட்டுக்கடலை மாவை அப்படியே நினைவுபடுத்தும். உள்ளே மோச்சி சூடாக, இழுத்தால் நூலாக வருகிறது. கவுனி அரிசி சாப்பிட்டிருந்தால் அந்தப் பிசுபிசுப்பு தெரியும், அதைவிட இரண்டு மடங்கு. ஆனால் கட்டைவிரல் நுனி அளவுதானே, மூன்று மெல்லில் முடிந்துவிடும், அடுத்த குச்சிக்குக் கை போய்விடும். கடைசியில் வாயில் நிற்பது புளித்த வாசம். விடியற்காலை இட்லி மாவுப் பாத்திரத்தைத் திறந்தால் வருமே, அது. இனிப்பில் அந்த வாசம் எப்படிச் சேரும் என்று கேட்காதீர்கள். சேர்கிறது.

அப்பா நாலு குச்சி வரை ஒன்றும் பேசவில்லை. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, "உப்பு நிக்கி. அதனாலதான் இனிப்பு தெகட்டல" என்றார். பிறகு, "வேணும்னுதான் கருக விட்டிருக்காவ. கருகலன்னா இது வெறும் பாயசம்" என்றார். தெருமுனையில் கேட்ட கேள்விக்கு அவரே பதில் கண்டுபிடித்துக்கொண்டார். என் கருத்தும் அதேதான். இந்தப் பண்டத்தின் உயிர் அந்தக் கறுத்த ஓரத்தில் இருக்கிறது. அது இருக்கிற ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் மிசோ ஆறி ஏடு கட்டும், மோச்சி இறுகும். எங்களுக்குப் பக்கத்துப் பெஞ்சில் இரண்டு இளைஞர்கள் தட்டைத் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தார்கள். போய்ச் சொல்லலாமா என்று அப்பா என்னைக் கேட்டார். எனக்கும் சொல்லத்தான் தோன்றியது.

இந்தப் பண்டம் கோயில் வாசலுக்கு வந்த கதை நோயோடு சேர்ந்தது. 994இல் கியோட்டோவில் கொள்ளைநோய் பரவியபோது, நோய்த் தெய்வத்தைச் சாந்தப்படுத்தப் பெரிய வழிபாடு நடத்தினார்கள். 1001இல் அந்தத் தெய்வத்துக்கு இந்த இடத்தில் சன்னதி எழுந்தது. நம்மூர் மாரியம்மன் வழிபாடு தெரிந்தவர்களுக்கு இதில் விளக்கவேண்டியது எதுவும் இல்லை. இன்றும் ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு யாசுராய் திருவிழா நடக்கிறது. சிவப்பும் கறுப்புமாகச் சடைமுடி வைத்துக்கொண்டு பேய் வேடக்காரர்கள் மேளம் கொட்டி ஆடிவருவார்கள். பூக்குடை ஒன்று கூடவே வரும், அதற்கடியில் புகுந்து வந்தால் அந்த வருடம் நோய் அண்டாது. கோயிலுக்குப் படைத்த மூங்கிலில் குச்சி சீவி, அதில் மோச்சி குத்திச் சாப்பிட்டால் நோய் விலகும் என்ற நம்பிக்கை அப்படித்தான் வந்தது. ஆக, இது முதலில் பிரசாதம், பிறகுதான் பலகாரம்.

ஆயிரம் வருடம் என்றால் எதுவுமே மாறவில்லை என்று அர்த்தமில்லை. கடைக்குள்ளேயே ஊற்று நீர் இருக்கிறது, முன்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் வேலை. இப்போது சுகாதாரத் துறை அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்றுவிட்டது. மோச்சி இடிக்க இயந்திரம் வந்துவிட்டது, காலையில் ஒரு மணிநேரம் மிச்சம். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் ஒருமுறையாவது உலக்கை பிடித்துப் பார்க்க வேண்டும். அப்பா கடையில் ஈரமாவு அரைக்கக் கிரைண்டர் வந்த நாளில் எங்கம்மா அதற்குப் பொட்டுவைத்துக் கும்பிட்டார். விலையென்று ஒன்றைக் குறித்ததே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான், அதுவரைக்கும் சாப்பிட்டவர்கள் மனசுக்குப் பட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார்களாம். இதை நான் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் காலித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலி நிறுவனம் ஒன்று கேட்டு வந்தபோது வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள் என்பதும் தெரிந்த செய்தி. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இயந்திரம் இடிக்கலாம். சுடுவது கைதான், கரிதான், அதுவும் கேட்டவர் கண்முன்னால்.

இரண்டாவது தட்டு சொன்னோம். அதையும் முடித்துவிட்டுக் கோயிலுக்குள் போனோம். அங்கே ஒரு கல் இருக்கிறது. உள்ளங்கையால் மூன்று முறை தட்டித் தூக்கினால் கனக்கும். வேண்டிக்கொண்டு மூன்று முறை தடவித் தூக்கினால், லேசாக இருந்தால் வேண்டுதல் பலிக்கும். அப்பா தோள் வலியோடு தூக்கினார். லேசாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் எதிர்க்கடைக்கும் போயாக வேண்டும் என்றார். "ஒரு கடையில தின்னுட்டு இன்னொரு கடையப் பத்திப் பேசப்படாது." கசாரியாவிலும் ஒரு தட்டு. அங்கேயும் கரி, அதே அளவுக் குச்சி, அதே வெள்ளை மிசோ. அது இன்னும் கொஞ்சம் மென்மையாகப் பட்டது எனக்கு. அப்பாவுக்கு இச்சிவாவின் கருகல்தான் பிடித்தது. இரண்டு கடைக்கும் பரம்பரை பரம்பரையாக வாடிக்கைக் குடும்பங்கள் இருக்கிறார்கள், யாரும் யாரையும் மாற்ற முயல்வதில்லை. நேரமிருந்தால் இரண்டிலும் சாப்பிடுங்கள். வயிற்றுக்குப் பாரமே இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். கடை காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடுகிறது. புதன்கிழமை விடுமுறை. ஒன்றாம் தேதியோ பதினைந்தோ பண்டிகையோ புதனில் வந்தால் திறந்திருந்து மறுநாள் மூடுவார்கள். பேருந்தில் போவதானால் 46ஆம் எண் கோயில் வாசலிலேயே நிற்கும். கையில் ரொக்கம் இருக்கட்டும். சைவக்காரர்களுக்கு ஜப்பானில் சாப்பாடு பெரும்பாடு, எல்லாவற்றிலும் மீன் சாறு. ஆனால் பழைய இனிப்புகள் நமக்கு உறவு மாதிரி: அரிசி, பயறு, சர்க்கரை, கடற்பாசியில் எடுத்த கன்தென். பாலும் நெய்யும் கிடையாது. டோராயாகி, கஸ்தெரா மாதிரிப் பண்டங்களில் முட்டை இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அபுரி மோச்சி அரிசி, சோயா, மிசோவில் அடங்குகிறது. கண்டிப்பானவர்கள் உட்காரும்போதே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். பல் இல்லாத பெரியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் மோச்சியை இன்னும் சிறிதாகக் கிள்ளிக் கொடுங்கள், தொண்டையில் ஒட்டும் பண்டம். குச்சி முனையும் கூர்மை.

அங்கிருந்து கிதானோ தென்மாங்கு கோயிலுக்குப் பேருந்தில் போய், 1682இலிருந்து இருக்கிற சாவாயா கடையில் அவாமோச்சி சாப்பிட்டோம். அவா என்றால் தினை. உருட்டி, பயற்று விழுதில் பொதிந்தது ஒன்று, நீட்டி கினாகோ தூவியது ஒன்று. தினை என்று நான் சொன்னதும் அப்பா கையிலிருந்ததை ஒருமுறை கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வாயில் போட்டார். முருகனுக்குப் படைத்த பண்டத்தை இவ்வளவு தூரத்தில் பார்ப்போம் என்று நினைத்திருக்க மாட்டார். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

ஒரு தவறும் செய்தேன். இச்சிவாவில் கிளம்பும்போது, என் பிள்ளைகளுக்கு என்று ஒரு பொட்டலம் கட்டி வாங்கினேன். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒசாகாவில் வீட்டுக்குப் போய்ச் சேர ராத்திரி எட்டு மணி. பிரித்துப் பார்த்தால் மிசோ வாசம் அப்படியே இருக்கிறது, மோச்சி மட்டும் கட்டிப்பட்டுவிட்டது. தோசைக்கல்லைக் காயவைத்து, குச்சியைக் கல் ஓரத்துக்கு வெளியே நீட்டி, மோச்சியை மட்டும் வாட்டினேன். இளகியது, உப்பவும் செய்தது. பிள்ளைகள் விரும்பித்தான் தின்றார்கள். கரி வாசம் மட்டும் போயிருந்தது.

அப்பா ஒரு குச்சி எடுத்துச் சாப்பிட்டார். இன்னொன்றைத் தொடாமல் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"நாளைக்கு என்ன கிழமை?"

"புதன்கிழமைப்பா. கடை லீவு."

"சரி, அப்ப வியாழக்கிழமை போவோம்."